கத்தினவள் தேத்தண்ணி வைக்க வேண்டும்

நண்டு கடித்தால் கத்தக் கூடாது. கத்தினவள் அன்றைக்குக் கொட்டிலில் உள்ள எல்லாருக்கும் தேத்தண்ணி வைக்க வேண்டும். யார் தொடக்கிய வழக்கம் என்று தெரியாது. நான் வங்காலைக்குக் கலியாணம் கட்டி வந்தபோதே இருந்தது.

எனக்குப் பிறந்த ஊர் நானாட்டான் பக்கம். வயல் வேலை தெரியும். நண்டு தெரியாது. முதல் மாதம் முழுக்க நான்தான் தேத்தண்ணி வைத்தேன்.

வேலை இதுதான். விடிந்ததும் படகுகள் கரைக்கு வரும். நண்டு வலையை அப்படியே அள்ளிக் கொண்டுவந்து கொட்டிலில் போடுவார்கள். பெண்கள் சுற்றி இருந்து நண்டு கழற்றுவோம். காலும் கொடுக்கும் வலைக் கண்ணுக்குள் பின்னிக் கிடக்கும். கால் உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் நண்டு வாங்குகிற கம்பனிக்காரன் கழித்துப் போடுவான். வலையும் அறக் கூடாது. கையுறை போட்டால் நூல் பிடிபடாது. வெறுங்கைதான். நண்டு உயிரோடு இருக்கும். கடிக்கும். கடித்த இடத்தில் உப்புத்தண்ணி படும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் தப்பலாம். வாயைத் திறந்தால் கேத்தல் உன் கையில்.

என் பக்கத்தில் இருப்பது மச்சாள். என் மனுசனின் தமக்கை. எங்களுக்கும் அவருக்கும் ஒரே வளவு, ஒரே கிணறு. மச்சாளுக்கு வாய் சும்மா இராது. யாராவது முகத்தைச் சுளித்தால் போதும்.

"என்னடி, வருகுதோ? வந்தா விடு. வயித்துக்க வச்சிருக்காத. நாங்கள் தேத்தண்ணிக்குத்தானே இருக்கிறம்."

எனக்கு வரவே இல்லை. வங்காலைக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது; கடைசி இரண்டு வருடமாக நான் கேத்தலைத் தொடவில்லை. வலது கையில் நண்டு தொங்கிக்கொண்டு இருக்கும். நான் இடது கையால் அதன் கொடுக்கைப் பிரித்து எடுத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன்.

"இவளுக்குக் கையோ, மரக்கட்டையோ?" என்பார் மச்சாள்.

மற்றவர்கள் ஒரு வலை முடிக்க நான் ஒன்றரை முடிப்பேன். படகுக்காரரை நாங்கள் சம்மாட்டியார் என்போம். அவர் நல்ல வலையை எனக்கு முன்னால் போடச் சொல்வார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. கை காய்ச்சுப் போச்சு, இனி நான் கடற்கரைக்காரி என்று நினைத்தேன்.

அந்தக் கையில் ஒரு திட்டு இருந்தது. சின்ன விரலுக்குக் கீழே, கையின் வெளிப்பக்கம். வெளிறின நிறம். உடம்பெல்லாம் வேர்த்தாலும் அந்த இடம் வேர்க்காது. எங்கள் எல்லாருடைய கையிலும் ஏதாவது இருக்கும். உப்பு என்று விட்டேன்.

திட்டு மணிக்கட்டுக்கு ஏறினபோது றோட்டோரம் இருந்த ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். வயதான டொக்டர். வெளியில் சனம் நிறைய. அவர் பேனையின் பின்பக்கத்தால் திட்டில் அழுத்தினார்.

"நோகுதோ?"

அவர் அழுத்தினதைக் கண்ணால் கண்டேன். அழுத்தினால் நோகத்தானே வேண்டும்.

"நோகும்தானே ஐயா. அதெல்லாம் பெரிசில்லை" என்றேன்.

தேமல் என்று எழுதிப் பூசுமருந்து தந்தார். அவரில் பிழை இல்லை. கேட்டார், நான் சொன்னேன். நோவு இருந்தும் நான் கணக்கெடுக்கவில்லை என்றுதான் நினைத்தேன். நோவே இல்லை என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்? நாலு மாதம் பூசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போக முன்னம் அடுப்படியில் நின்றேன். என் மனுசன் முற்றத்தில் முகம் வழித்துக்கொண்டு இருந்தார். அவர் றோட்டு வேலைக் கந்தோரில் நிரந்தரத் தொழிலாளி. ஞாயிறுதான் வீட்டில் நிற்பார்.

"கருவாடோ சுடுகிறாய்?" என்று கேட்டார்.

"இல்லையே."

"மணக்குது."

நானும் மணந்து பார்த்தேன். ஓம், மணந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாதி வழித்த முகத்தோடு அவர் உள்ளே வந்தார். வந்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பால் சட்டியின் விளிம்பில் என் கையின் ஓரம் ஒட்டிக் கிடந்திருக்கிறது. இழுத்தபோது தோல் சட்டியில் நின்றது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நோகேல்லையோ?"

"இல்லை."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அன்றைக்கு மிச்ச முகத்தை வழிக்கவில்லை. அப்படியே பூசைக்கு வந்தார்.

கோயிலில் நான் சிலுவை போட்டபோது சின்ன விரல் கண்ணில் குத்தியது. விரலை நீட்டிப் பார்த்தேன். நீளவில்லை. அதற்குப் பக்கத்து விரலும் பாதியில் நின்றது. எப்போது மடங்கியது என்று எனக்குத் தெரியாது. கதிரையில் கையை விரித்து வைத்தேன். மூன்று விரல் படிந்தது. இரண்டு விரல் படியவில்லை.

அந்தக் கை போனால் எனக்கு வேலை இல்லை. வலைக் கண்ணுக்குள் போக விரல் வேண்டும்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

"தோல் டொக்டர் ஒராளைப் பாப்பம்" என்றார் அவர். அலுமாரியைத் திறந்து ஒரு காட்டை எடுத்தார். அரசாங்க வேலைக்காரருக்குக் கொடுக்கிற காப்புறுதிக் காட். மாதாமாதம் அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒருநாளும் பாவித்தது இல்லை. பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் காட் தேவையில்லை. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே பெயர் பதிவார்கள். ஊர் பதிவார்கள். பிறகு சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருவார். ஒருமுறை டெங்கு நுளம்பு பார்க்க வந்தார். எந்த வீட்டில் எத்தனை சிரட்டையில் தண்ணி நின்றது என்று மத்தியானத்துக்கு முன்னம் ஊர் முழுக்கத் தெரிந்தது. நான் தொடுவது சாப்பாட்டுச் சாமான். இந்தக் கை இப்படி என்று தெரிந்தால் எந்தக் கொட்டிலிலும் இருக்க விடமாட்டார்கள். காட்டோடு ஒரு தனியார் டொக்டரிடம் போனால் ஒருவருக்கும் தெரியாமல் முடியும் என்று நினைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் லீவு போட்டார். பஸ் எடுத்து மன்னார் ரவுனுக்குப் போனோம். நான் காயம் தெரியாமல் கையில் லேஞ்சித் துணி சுற்றி இருந்தேன்.

முதல் இடம் கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே குளிர். மேசையில் ஒரு பிள்ளை இருந்தது. காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"வாட்டில நிண்டாத்தான் அண்ணை இது எடுக்கலாம். டொக்டரைப் பாத்திட்டுப் போறதுக்கு இல்லை."

"அப்ப வாட்டில ஒருநாள் படுக்கட்டும்" என்றார் என் மனுசன்.

"என்ன வருத்தம்?"

அவர் என் லேஞ்சியைப் பார்த்தார்.

"தேமல்" என்றார் அவர் கடைசியில்.

"தேமலுக்கு வாட்டோ?" பிள்ளை சிரித்தது. பக்கத்தில் இருந்த பிள்ளையும் சிரித்தது. நாங்கள் வெளியே வந்தோம்.

இரண்டாவது இடத்தில் தோல் டொக்டர் இல்லை. "பல்லுக்கு ஒராள் இருக்கிறார். கண்ணுக்கும் வருவினம்" என்றார்கள். என் மனுசன் கோபத்தோடு, "தோலைத் தவிர மற்றதெல்லாம் இருக்குது" என்றார்.

வெயில் ஏறியது. காயத்தில் லேஞ்சி ஒட்டிக்கொண்டது. அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர்தான் கண்டு சொன்னார். ரத்தம் ஊறி இருந்தது.

மூன்றாவது ஒரு பாமசி. தோல் டொக்டர் சனிக்கிழமை பின்னேரம் வருவார் என்று பலகையில் எழுதி இருந்தது. மேசையில் என் வயதை விட மூத்த ஒரு பொம்பிளை இருந்தார். முக்காடு போட்டிருந்தார். எருக்கலம்பிட்டிப் பேச்சு. நான் காட்டை நீட்டினேன். பழக்கத்தில் வலது கையால் நீட்டிவிட்டேன். அவர் காட்டைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். மடங்கின இரண்டு விரலையும் பார்த்தார்.

பக்கத்தில் நின்றவர் மருந்து வாங்கிக்கொண்டு போகும் வரைக்கும் பேசாமல் இருந்தார். பிறகு மேசைக்கு மேலால் குனிந்தார்.

"புள்ள, காட்ட உள்ளுக்கு வைங்க. இந்த டொக்டர் காட் எடுக்கமாட்டா. காசு கட்டினாலும் இந்தக் கைக்கு இங்க வெச்சு மருந்து எழுதமாட்டா."

"ஏன்?" என்று கேட்டார் என் மனுசன்.

"அந்தக் குளிசை எந்தப் பாமசியிலயும் இல்ல, தம்பி. எங்கட்டயும் இல்ல. அரசாங்கம் மட்டும்தான் குடுக்கிறது. சும்மாதான் குடுக்கிறது. இவவே செவ்வாக்கிழம பெரியாஸ்பத்திரியில கிளினிக் பாக்கிறா. விடிய வெள்ளனப் போங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"என்ட வாப்பாக்கு வந்த. ஒரு வருசம் குளிசை குடிச்ச. இப்பவும் வீட்டுல இருந்து எனக்கு ஏசிக்கிட்டுத்தான் இருக்கார்."

வெளியே வந்ததும் என் மனுசன் சொன்னார்: "யாழ்ப்பாணத்துக்குப் போவம். அங்க ஒருத்தருக்கும் எங்களைத் தெரியாது."

பஸ்ஸில் ஏறினோம். கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியைத் தாண்டும்போது கொண்டக்டர் டிக்கெட்டைக் காட்டச் சொன்னான். வலது கைக்குள் வைத்திருந்தேன். விரித்துப் பார்த்தேன். இல்லை. காலடியில் கிடந்தது. விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை போறன்" என்றேன். "யாழ்ப்பாணத்திலயும் அந்தக் குளிசைதான்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "லீவு கேக்கட்டே?" என்றார்.

"வேண்டாம். சேர்ந்து போனால் ஆக்கள் கேப்பினம்."

மச்சாளிடம் பல்லுக் காட்டப் போகிறேன் என்றேன்.

"பல்லோ? பல்லுக்கு ஏன்டி கையில சீலை?"

"சட்டி சுட்டது."

"உனக்கோ? உன்னைச் சுட்டா சட்டிக்கெல்லோ நோகும்" என்று சொல்லிச் சிரித்தார். நான் முதல் பஸ்ஸுக்குப் போனேன்.

கிளினிக்கில் நீட்டுப் பலகை வாங்குகளில் முப்பது பேர் வரையில் இருந்தார்கள். துண்டில் என் பெயர், ஊர், வயது எழுதினார்கள். நம்பர் தந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் பார்த்து இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒருவர் வந்து இருந்தார். மீன் மணத்தது. திரும்பிப் பார்க்காமலே ஆளைத் தெரிந்தது. சம்மாட்டியார்.

"நீயும் தோலுக்கோ?" என்றார்.

"ஓம்."

"எனக்கு இடுப்புச் சுற்றி அரிப்பு. ரெண்டு மாசமா நித்திரை இல்லை. உனக்கென்ன?"

"தேமல்."

"அப்ப இண்டைக்கு என்ர வலையை ஆர் கழற்றுறது?"

"மச்சாள் ஆக்கள் இருக்கினம்."

"அவளுக்கு வாய்தான் ஓடும்" என்றார். அவருடைய நம்பர் என்னுடைய நம்பருக்கு அடுத்தது. டொக்டரின் அறைக்குக் கதவு இல்லை. சீலைதான் தொங்கியது. உள்ளே பேசுவது வாங்கில் முன்னால் இருப்பவருக்குக் கேட்கும். எனக்கு முன்னம் போனவர் எந்த இடத்தில் அரிக்குது என்று சொன்னது எங்களுக்கு வடிவாகக் கேட்டது. சம்மாட்டியார் இருமினார். எனக்கு எழும்பி ஓடலாம் போல இருந்தது. நம்பரைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் சிங்களப் பொம்பிளைப் பிள்ளை. வயது முப்பது இருக்கும். தமிழ் நன்றாகப் பேசினார். லேஞ்சியைக் கழற்றி, சுட்ட காயத்தைப் பார்த்தார். ஒரு ஊசி எடுத்தார்.

"கண் மூடுங்க அம்மா. முதல் இடது கை. நோகுதா, இல்லையா எண்டு சொல்லுங்க."

மூடினேன். குத்தினார்.

"நோகுதா?"

"இல்லை."

இன்னொரு இடத்தில் குத்தினார். "இங்க?"

"இல்லை."

இன்னும் பலமாகக் குத்தினார். "இங்கயும் நோகல்லையா?"

"நோகும். சொல்லுற அளவுக்கு இல்லை."

ஊசியை வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அம்மா என்ன வேலை?"

"நண்டு கழற்றுறனான்."

"எனக்கு உங்கட தைரியம் வேண்டாம்" என்றார். குரலைக் குறைத்துத்தான் சொன்னார். ஆனால் கோபம் இருந்தது. "ஒரு எறும்பு கடிச்ச அளவு நொந்தாலும் சொல்லுங்க. நீங்க மறைச்சா எனக்கு இந்தக் கையைக் காப்பாத்த ஏலாது. விளங்குதா?"

"விளங்குது."

"கண் மூடுங்க."

இடது கையில் குத்தினார். "நோகுது" என்றேன். எனக்கே அந்தச் சொல் புதிதாக இருந்தது. திரும்பக் குத்தினார். "நோகுது." தோளில், முழங்கையில், எல்லாம் சொன்னேன். பிறகு வலது கையைத் தூக்கி மேசையில் வைத்தார்.

நான் காத்துக்கொண்டு இருந்தேன். இந்த முறை சரியாகச் சொல்ல வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வெளியே சம்மாட்டியார் இருமினார். பக்கத்தில் நின்ற நேர்ஸ் மிசி ஏதோ எழுதினார். நேரம் போனது. டொக்டர் ஏன் தொடங்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

"குத்துங்கோ டொக்டர். நான் சொல்லுறன்" என்றேன்.

"குத்திக்கிட்டுத்தான் இருக்கிறேன்" என்றார்.

கண்ணைத் திறந்தேன். திட்டில் ஏழெட்டுச் சின்னச் சிவப்புப் பொட்டு. ஊசி இன்னும் தோலில் நின்றது.

நான் அழவில்லை. பொட்டுகளை எண்ணினேன்.

அவர் என் முழங்கையை மடக்கி, உள்பக்கத்து எலும்புக்குப் பின்னால் விரலை வைத்துத் தேடினார். அங்கே ஒரு நரம்பு தடித்துக் கிடந்தது. நங்கூரக் கயிறு மாதிரி. அதை அழுத்தினார். தோளில் இருந்து உச்சி வரைக்கும் இழுத்தது. நான் பல்லைக் கடித்தேன்.

"சொல்லுங்க!" என்றார்.

"நோகுது டொக்டர். நல்லா நோகுது."

"நல்லம்" என்றார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "இது இன்னும் சாகல்ல."

பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய். மெல்லத்தான் சொன்னார். ஆனால் சீலைக்கு வெளியே இருமல் நின்றுவிட்டது.

"ஒரு வருசம் குளிசை. நரம்புக்கு வேற குளிசை. இண்டைக்கு முதல் முறை எனக்கு முன்னால குடிங்க. குடிக்கத் தொடங்கினா மற்றவங்களுக்குத் தொத்தாது. வருத்தம் மாறும்."

"விரல்?"

"முதலே வந்திருந்தா நேரா ஆகும் எண்டு சொல்லுவேன். இப்ப சொல்ல ஏலாது. பாப்பம்."

தண்ணி தந்தார்கள். குளிசையை விழுங்கினேன். மிசி பதிவு எழுதும்போது நான் காப்புறுதிக் காட்டை எடுத்து நீட்டினேன். பழக்கப்பட்டுவிட்டது.

"இது என்னத்துக்கு அம்மா? உள்ள வையுங்கோ" என்றார் மிசி.

"வீட்டுக்குப் பி.எச்.ஐ. வராமல் விட ஏலாதோ?"

"வீட்டில உள்ள ஆக்களையும் பாக்கோணும். உங்கட பிள்ளைக்கு வந்தாத் தெரிய வேண்டாமோ?"

எனக்கு ஒரு மகள். அப்போது ஏழாம் வகுப்பு. காட்டை உள்ளே வைத்துவிட்டு வீட்டு விலாசத்தைச் சொன்னேன்.

வெளியே வந்தேன். சம்மாட்டியார் எழும்பி நின்றார். அவருடைய நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் கையையும் குளிசைப் பையையும் பார்த்தார். வழி விட்டு நின்றார். வழமையாக அவர் வழி விடுகிற ஆள் இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம், என் மனுசன் வேலையால் வந்த பிறகு, பி.எச்.ஐ. வந்தார். மோட்டார் சைக்கிளைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். நல்ல மனிதர். என் மனுசனைப் பார்த்தார். மகளின் முதுகைப் பார்க்கும்போது நான் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். தோளுக்குக் கீழே ஒரு இடத்தில் நின்றார். பஞ்சால் தொட்டார்.

"கூசுது" என்றாள் மகள்.

"நல்லாக் கூசட்டும்" என்றார் அவர். ஒன்றும் இல்லை.

ஒரே கிணறு என்பதால் மச்சாளையும் பார்க்க வேண்டும் என்றார். மச்சாள் வந்து, விசயத்தைக் கேட்டு, கையை நீட்டி, முதுகைக் காட்டி, எல்லாம் முடியும் வரைக்கும் ஒரு சொல் பேசவில்லை. அவருக்கும் ஒன்றும் இல்லை. பி.எச்.ஐ. போன பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"பல்லு எண்டாய்."

"ஓம்."

"ரெண்டு வருசமா உன்னைப் பாத்து, இவளே கத்தேல்லை, நான் ஏன் கத்துவான் எண்டு நானும் கடிச்சுக்கொண்டு இருந்தன். என்ர கடைவாய்ப் பல்லு ரெண்டும் ஆடுது. பல்லுக்குப் போக வேண்டினவள் நானடி!"

ஏசிக்கொண்டே போய், என் குடத்தை எடுத்துத் தண்ணி அள்ளிக் கொண்டுவந்து வைத்தார். காயம் ஆறும் வரைக்கும் அவர்தான் அள்ளினார்.

மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. கைக்கு ஒரு மட்டை வைத்துக் கட்டி இருந்தார்கள். குளிசை குடித்ததில் மூத்திரம் சிவந்து போனது. தோல் கறுத்தது. "இப்பதான் என்ர நிறத்துக்கு வந்திருக்கிறாய்" என்றார் மச்சாள். ஒவ்வொரு பின்னேரமும் கையைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, காயம் இருக்கா என்று பார்ப்பேன். கை சொல்லாததைக் கண்தான் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி இருந்தார்.

பிறகு சம்மாட்டியாரிடம் போனேன். அவர் படகில் இருந்து இறங்காமலே கேட்டார்.

"டொக்டர் என்ன எழுதித் தந்தவ?"

கடிதத்தை நீட்டினேன். எட்டத்தில் பிடித்தார். கிட்டப் பிடித்தார். கண்ணாடி இல்லை.

"நீயே வாசி."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். இவருக்கு நடக்கும் சிகிச்சையால் மற்றவர்களுக்குத் தொற்றாது, வேலை செய்யலாம் என்று இருந்தது. கரையில் நின்றவர்களும் கேட்டார்கள். முடிய நேரம் எடுத்தது. சம்மாட்டியார் கடைசி வரைக்கும் பொறுமையாக நின்றார்.

"கம்பனிக்காரன் வந்தாக் கடிதத்தைக் காட்டு. மிச்சத்தை நான் கதைக்கிறன்" என்றார். பிறகு, "என்ர அரிப்பு மாறீட்டுது" என்றார்.

கொட்டிலில் இரண்டு பேர் தாங்கள் இருக்கும் பலகையை என்னை விட்டுத் தள்ளிப் போட்டார்கள். மச்சாள் என் பக்கத்திலேயே இருந்தார். நான் இப்போது மெதுவாகத்தான் கழற்றினேன். ஒவ்வொரு நண்டையும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். எல்லாருக்கும் கடைசியில் முடித்தேன். நல்ல வலை வேறொருத்திக்குப் போனது.

எட்டாவது மாதம் கிளினிக்கில் டொக்டர் திரும்பவும் ஊசியை எடுத்தார்.

"கண் மூடுங்க."

மூடினேன்.

"மோதிர விரல். நோகுதா?"

"நோகுது."

"உண்மையாவா? சும்மா எனக்காகச் சொல்லுறீங்களா?"

"இல்லை டொக்டர்."

அவருக்கு என்னில் நம்பிக்கை இல்லை. எனக்கும் என்னில் இல்லை. ஆசையில் நோகிற மாதிரி இருக்கலாம்.

"இப்ப?"

தேடிப் பார்த்தேன். "இல்லை."

"இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

"நோகுது. அடியில்."

அவர் சிரித்தார். நடுவில் இரண்டு முறை குத்தாமலே கேட்டிருக்கிறார். சின்ன விரலில் நாலு முறை குத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்ன விரல் இன்றைக்கும் மடங்கித்தான் இருக்கிறது. வேலை செய்யும்போது அதைச் சீலைத் துண்டால் மோதிர விரலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். வலைக்குள் மாட்டாது.

அதற்குப் பிறகு ஒரு காலை. பெரிய நண்டு ஒன்று. கண்டுகொண்டுதான் கையை விட்டேன். ஆனாலும் பிடித்துவிட்டது. மோதிர விரலில்.

"ஆ, அம்மா!" என்று கத்திவிட்டேன்.

கொட்டிலில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நண்டு இன்னும் விரலில் தொங்கியது.

"கத்தினது நீயோ?" என்றார் மச்சாள்.

"ஓம்."

நண்டைப் பிரித்து எடுத்துக் கூடையில் போட்டேன். எழும்பினேன். வழக்கம் வழக்கம்தான். ஆனால் எழும்பின பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. என் கையால் வைக்கிற தேத்தண்ணி. வேண்டாம், இரு என்று யாரும் சொல்லவில்லை. வை என்றும் சொல்லவில்லை. பலகையைத் தள்ளிப் போட்ட இரண்டு பேரும் வலையைப் பார்த்துக் குனிந்து இருந்தார்கள்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கேத்தலை வைத்தேன். தண்ணி கொதித்தது. வெளியில் இருந்த சம்மாட்டியாருக்கும் சேர்த்து ஏழு பேணியில் ஊற்றினேன். எனக்கு ஊற்றவில்லை. தட்டில் வைத்துக் கொண்டுபோய் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, தள்ளி நின்றேன்.

மச்சாள் முதலில் எடுத்தார். ஒரு மிடறு குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"மூண்டு வருசம் வைக்காமல் விட்டதிலை இவளுக்குத் தேத்தண்ணி மறந்து போச்சு. இது தேத்தண்ணியோ, கழனித்தண்ணியோ? எங்கடி சீனி?"

யாரோ சிரித்தார்கள். சம்மாட்டியார் வெளியில் இருந்தபடியே கையை நீட்டித் தன்னுடையதை எடுத்தார். பிறகு மற்றவர்கள் எடுத்தார்கள். தள்ளி இருந்த இரண்டு பேரில் ஒருத்தி எடுத்தாள்.

பேணிகளைக் கழுவ எடுத்தபோது ஆறு வெறுமையாக இருந்தது. ஒன்று அப்படியே இருந்தது. அதை நான் குடித்துவிட்டு வலைக்குப் போனேன்.